ஆந்தூரியம் வளர்க்க வருகிறவர்களுக்கு: சென்னைத் தண்ணீரில் இரண்டு செடி போன பிறகு எழுதியது

முதல் ஆந்தூரியம் 41 நாள் இருந்தது. இரண்டாவது எப்படியோ மூன்று மாதத்தை எட்டிப் பிடித்தது. மூன்றாவது செடி எங்கள் வீட்டுக் கூடத்து ஜன்னலோரம் நான்காவது வருஷமாக நிற்கிறது. முதல் இரண்டும் வெயிலில் போகவில்லை, பூச்சியிலும் போகவில்லை. இரண்டையும் நானே தண்ணீர் ஊற்றிக் கொன்றேன். ஒன்று அளவு தெரியாமல் போனது, மற்றொன்று உப்பில் போனது. சென்னையில் இந்தச் செடியை வீட்டுக்குள் வைக்க ஆசைப்படுகிறவர் கற்க வேண்டியதில் முக்கால்வாசி தண்ணீர்ச் சங்கதிதான். அதனால் கீழே தண்ணீர் பற்றிய பகுதி மட்டும் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

செடியைப் பற்றி இரண்டு விஷயம் மட்டும் முதலில். நர்சரியில் மெழுகு பூசியதுபோலச் சிவப்பாக மின்னுவதை நாம் பூ என்கிறோம். அது மடல், அதாவது நிறம் மாறிய ஒருவகை இலை. நடுவில் விரல்போல நீட்டிக்கொண்டிருக்கிறதே, அந்தத் தண்டில்தான் நிஜப் பூக்கள் பொடிப்பொடியாக ஒட்டியிருக்கின்றன. சேப்பங்கிழங்கு, கருணைக்கிழங்கு இருக்கும் அதே குடும்பம். இன்னொன்று: கொலம்பியா, ஈக்வடார் பக்கத்து மழைக்காடுகளில் இதன் இனம் பெரும்பாலும் மரத்தைத் தொற்றிக்கொண்டு, வேரைக் காற்றில் விட்டு வளர்வது. மண்ணுக்குள் புதைந்து வாழும் செடி என்று நினைத்துக்கொண்டுதான் நான் முதல் தப்பைச் செய்தேன்.

1. எந்த மாதத்தில் வாங்குவது

ஆகஸ்ட் பாதிக்கு மேல் தொடங்கிப் பிப்ரவரி முடிய வாங்கலாம். என்னைக் கேட்டால் டிசம்பர், ஜனவரிதான் நல்ல நேரம். பகல் 30 டிகிரி பக்கம், ராத்திரி 21, 22. செடிக்கு இதுவே பிடித்த கணக்கு (18 முதல் 30 வரை சுகமாக இருக்கும்). மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் பாதி வரை வாங்க வேண்டாம்.

நான் முதல் செடியை வாங்கியது ஏப்ரல் கடைசி. ஈ.சி.ஆர். ஓரமாக வரிசையாக நர்சரிகள் இருக்கின்றன அல்லவா, அதில் ஒன்றில் வேலை பார்த்த பையன் கொடுக்கவே மனமில்லாமல் நின்றான்.

“இப்ப வேணாம்க்கா. கத்திரி போகட்டும், ஆடிக் காத்து அடங்கட்டும். அப்ப வாங்க.”

“ஏன் தம்பி, இப்பதானே பூ இருக்கு?”

“பூ இருக்கும்க்கா. வீட்டுக்குப் போனா செடி இருக்காது.”

நான் கேட்கவில்லை. நர்சரியில் பச்சை வலைக்குக் கீழே, காலையும் மாலையும் பனித்தூவலில் இருந்த செடி அது. அதை மத்தியானம் ஒரு மணிக்கு ஸ்கூட்டரின் முன்பக்கம் நிற்க வைத்து மடிப்பாக்கம் வரை கொண்டுவந்தேன். வீடு சேர்வதற்குள் இரண்டு இலையின் ஓரம் அப்பளம்போல ஆகிவிட்டது. நீங்கள் காலை ஒன்பது மணிக்குள் போய் வாங்கி, செய்தித்தாளைக் கூம்பாகச் சுற்றிக் கொண்டுவாருங்கள். காற்றில் இலை படபடவென்று அடித்துக்கொள்ளாமல் இருந்தாலே பாதிச் சேதம் குறையும்.

சில வருஷங்களாகத் தோட்டக்கலைத் துறை கதீட்ரல் சாலை செம்மொழிப் பூங்காவில் வருஷத் தொடக்கத்தையொட்டி மலர்க் கண்காட்சி நடத்துகிறது. வாங்குவதற்கு முன் என்னென்ன நிறம், என்ன அளவு என்று கண்ணால் பார்க்க நல்ல இடம். வாரநாளில் போங்கள்.

2. பார்த்து வாங்குவது, பில் வாங்குவது

பூ எத்தனை என்று எண்ணாதீர்கள், இலை எத்தனை என்று எண்ணுங்கள். ஆந்தூரியத்தில் பூ இலைக்கணுவிலிருந்துதான் வரும், ஒரு இலைக்கு ஒரு பூ என்பதுதான் கணக்கு. ஆறேழு நல்ல இலையும் ஒரு மொட்டும் உள்ள செடி, மூன்று இலையும் நாலு பூவும் உள்ள செடியைவிட மேல். பூவோடு இருப்பதைக் கொடுத்தால் கடைக்காரர் ஐம்பது நூறு கூட்டிச் சொல்வார். அந்தக் காசு வீண்.

அப்புறம் தண்டின் அடியை இரண்டு விரலால் பிடித்து லேசாக ஆட்டிப் பாருங்கள். அசையாமல் நிற்க வேண்டும். தொட்டியின் அடித்துளை வழியாக வேர் தெரிந்தால் நல்லது. வெள்ளையாகவோ வெளிர் பழுப்பாகவோ தடிமனாக இருக்கும். கறுத்துச் சொதசொதவென்று இருந்தால் வைத்துவிடுங்கள். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடுக்கில் பஞ்சு மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று பார்க்க மறக்க வேண்டாம். அது மாவுப்பூச்சி.

4 அங்குலத் தொட்டியில் இருந்த மூன்றாவது செடியை நான் 350 ரூபாய்க்கு வாங்கினேன். இடத்தைப் பொறுத்து 250 முதல் 450 வரை சொல்கிறார்கள். சின்ன நர்சரிகளில் பில் தரமாட்டார்கள். கேட்டு வாங்குங்கள், ஒரு துண்டுச் சீட்டில் செடியின் பெயர், விலை, தேதி எழுதிக் கொடுத்தாலும் போதும். ஒரு வாரத்தில் செடி சாய்ந்தால் பேசுவதற்கு அது ஒன்றுதான் நம் கையில் இருக்கும். வாங்கிய இடத்திலேயே செடியையும் வேரையும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் வாங்கினால் பெட்டியின் டேப்பை வெட்டுவதற்கு முன்னாலிருந்தே வீடியோ ஓட வேண்டும். பெட்டியைத் திறந்த பிறகு எடுத்த படத்தை ஒரு விற்பனையாளர் எனக்கு ஒப்புக்கொள்ளவே இல்லை. புகார் சொல்ல எத்தனை மணி நேரம் தருகிறார்கள் என்பதையும் பணம் கட்டுவதற்கு முன் படித்துவிடுங்கள், பல இடத்தில் ஒன்றிரண்டு நாள்தான்.

ஒரு பொறி: “நீல ஆந்தூரியம் விதை, 100 எண்ணிக்கை, 99 ரூபாய்.” வாங்காதீர்கள். ஆந்தூரியம் விதை பழத்திலிருந்து எடுத்த கையோடு விதைக்க வேண்டியது, காய்ந்தால் முளைக்காது. நல்ல நீலத்தில் பூ பார்த்தால் சாயம் ஏற்றியது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த பூ வெள்ளையாக வரும்.

3. எங்கே வைப்பது

கிழக்கு ஜன்னல் இருந்தால் யோசிக்கவே வேண்டாம். ஜன்னலிலிருந்து இரண்டு மூன்று அடி உள்ளே தள்ளி வையுங்கள். வடக்கு ஜன்னலும் பரவாயில்லை, அங்கே ஒட்டியே வைக்கலாம். மேற்கு ஜன்னல் என்றால் மெல்லிய திரை கட்டாயம், கோடையில் அங்கே வேண்டவே வேண்டாம்.

வெளிச்சம் போதுமா என்று பார்க்க, காலை பதினொரு மணிக்குச் செடி இருக்கும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து அதற்கு மேலே ஒரு முழம் உயரத்தில் கையை நீட்டுங்கள். நிழல் விழ வேண்டும், ஆனால் விளிம்பு மங்கலாக இருக்க வேண்டும். விரல்கள் தனித்தனியாகக் கூர்மையாகத் தெரிந்தால் வெயில் அதிகம். நிழலே விழாவிட்டால் செடி சாகாது, இலை விட்டுக்கொண்டே இருக்கும், பூ மட்டும் வராது. “ஒரு வருஷமா பூக்கலை, என்ன உரம் போடலாம்?” என்று கேட்கிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு வேண்டியது உரம் இல்லை, வெளிச்சம்தான்.

ஜன்னலுக்கு எதிரே பக்கத்து ஃபிளாட் சுவர் நிற்கிற வீடுகள் நம் ஊரில் ஏராளம். அங்கே 12 வாட் வெள்ளை எல்.இ.டி. பல்பை ஓரடி உயரத்தில் தொங்கவிட்டுப் பகலில் 12 மணி நேரம் எரியவிடலாம். இரண்டு மாத கரண்ட் பில்லில் ஒன்பது யூனிட்கூட ஆகாது. ‘வளர்ச்சி விளக்கு’ என்று ஊதா நிறத்தில் விற்பதை வாங்கிக் கூடத்தைச் சாராயக்கடை மாதிரி ஆக்க வேண்டாம்.

ஏ.சி. காற்று நேராக இலையில் படக் கூடாது. அதே அறையில், காற்று போகும் பாதையை விட்டு விலகி இருந்தால் ஒன்றும் ஆகாது. எங்கள் செடிக்குப் பக்கத்திலேயே பிரிட்ஜ் இருந்தது. அதன் பின்பக்கத்துச் சூட்டில் ஒரு பக்கத்து இலை மட்டும் மஞ்சளாவதைக் கண்டுபிடிக்க எனக்கு ஒரு மாதம் ஆயிற்று.

4. எந்தத் தண்ணீர்

இரண்டாவது செடியின் கதை. முதல் செடி அழுகிப் போனதால் இந்த முறை மிக அளவாக ஊற்றினேன். ஆர்.ஓ. மெஷினிலிருந்து கழிவாக வரும் தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து வைப்பது எங்கள் வீட்டு வழக்கம், வீணாக்கக் கூடாதே என்று. அதையே செடிக்கும் ஊற்றினேன். ஆறாவது வாரம் இலை நுனி காவி நிறத்தில் காய்ந்தது. எட்டாவது வாரம் ஓரமெல்லாம். தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் கொஞ்சம் ஊற்றினேன். மண்தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூத்துக்கிடந்தது. விரலால் சுரண்டி நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது.

அன்றைக்கே ஆர்.ஓ. சர்வீஸ் கடையில் 250 ரூபாய்க்கு ஒரு டி.டி.எஸ். மீட்டர் வாங்கினேன். பேனா மாதிரி இருக்கும், தண்ணீரில் நுனியை முக்கினால் கரைந்திருக்கும் உப்பை லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று எண்ணாகக் காட்டும். எங்கள் வீட்டில் வந்த எண்கள்: போர் தண்ணீர் 1,340. மெட்ரோ வாட்டர் லாரித் தண்ணீர் 390. ஆர்.ஓ. குடிநீர் 70. ஏ.சி.யிலிருந்து சொட்டும் தண்ணீர் 15. மழைத் தண்ணீர் 20. நான் ஊற்றிய ஆர்.ஓ. கழிவு 1,900!

மெஷின் உப்பைப் பிரித்துக் குடிநீரைத் தனியாக அனுப்பும்போது, அந்த உப்பெல்லாம் கழிவில்தானே சேர வேண்டும். போர் தண்ணீரைவிட அது மோசமாக இருப்பதில் ஆச்சரியம் இல்லை. தரை துடைக்கலாம், கழிப்பறைக்கு ஊற்றலாம், செடிக்கு வேண்டாம்.

இந்திய தர நிர்ணய அளவுப்படி குடிநீரில் கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை இருப்பது ஏற்கத்தக்கது, வேறு தண்ணீரே கிடைக்காவிட்டால் 2,000 வரை பொறுத்துக்கொள்ளலாம். அது மனிதனுக்கு. தொட்டிச் செடியின் சிக்கல் வேறு: தண்ணீர் ஆவியாகிப் போகும், உப்பு போகாது. இன்று 400 ஊற்றினால் அடுத்த மாதம் வேரைச் சுற்றி 400 இருக்காது, பல மடங்கு இருக்கும். ஆந்தூரியம் உப்புக்கு ரொம்பவே பயந்த சாதி. நான் 200க்குக் கீழே வைத்துக்கொள்கிறேன்.

சரி, 200க்குக் கீழே உள்ள தண்ணீருக்கு எங்கே போவது? செலவே இல்லாத வழி ஏ.சி. தண்ணீர். புழுக்கமான ராத்திரியில் எங்கள் படுக்கையறை ஏ.சி. எட்டு மணி நேரத்தில் ஐந்து லிட்டர் வரை கொடுக்கிறது. குழாய்க்கு அடியில் மூடியோடு ஒரு கேன் வைத்தால் முடிந்தது. ஏ.சி. சர்வீஸ் செய்து உள்ளே இருக்கும் குளிர்விக்கும் குழாய்ச் சுருளைக் கெமிக்கல் போட்டுக் கழுவிய பிறகு இரண்டு மூன்று நாள் வரும் தண்ணீரை மட்டும் கொட்டிவிடுங்கள். ஏ.சி. ஓடாத கார்த்திகை, மார்கழிக்கு மழைத் தண்ணீர் இருக்கிறது. மாடியிலிருந்து இறங்கும் குழாயில் முதல் பத்து நிமிஷம் அழுக்கு வரும், அதை விட்டுவிட்டுப் பிடியுங்கள். இரண்டும் இல்லாவிட்டால் ஆர்.ஓ. குடிநீர். ஒரு செடிக்கு வாரம் ஒன்றரை லிட்டர் என்பது ஒரு விருந்தாளி குடிப்பதைவிடக் குறைவு.

இங்கே மூன்று பொறிகள் இருக்கின்றன, மூன்றிலும் படித்தவர்களே விழுகிறார்கள். காய்ச்சினால் உப்பு போய்விடும் என்பது ஒன்று. போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட இன்னும் ஏறத்தான் செய்யும். ராத்திரி திறந்து வைத்தால் சரியாகிவிடும் என்பது அடுத்தது. குளோரின் கொஞ்சம் பறக்கும், உப்பு அப்படியேதான் இருக்கும். மூன்றாவது, அபார்ட்மென்ட்டில் ‘சாஃப்ட்னர்’ போட்டிருக்கிறோமே என்ற தைரியம். அந்த மெஷின் கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் எடுத்துக்கொண்டு பதிலுக்குச் சோடியத்தைக் கொடுக்கிறது. தலைமுடிக்கு நல்லது, சோப்பு நுரைக்கும், செடிக்குப் பழைய தண்ணீரே மேல். மீட்டரில் எண் ஏறக்குறைய அப்படியே இருப்பதைப் பார்ப்பீர்கள்.

5. மண்ணைத் தவிர மற்றதெல்லாம்

முதல் செடியை நான் செம்மண்ணும் தேங்காய் நார்த்தூளும் பாதிப் பாதியாகக் கலந்து நட்டேன். தினம் காலையில் ஒரு டம்ளர் தண்ணீர். நாற்பத்தோராம் நாள் தண்டைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. தொட்டியைக் கவிழ்த்தால் மண் களிமண் உருண்டையாக விழுந்தது. வேரைப் பிடித்து இழுத்தேன். மேல்தோல் உறைமாதிரி கழன்று என் விரலில் நின்றது, உள்ளே நூல் மட்டும். வாரக்கணக்கில் தேங்கிய சாக்கடை வாசம் அடித்தது.

இதற்கு வேண்டியது வேரைச் சுற்றிக் காற்று. என் கலவை இது: தேங்காய் மட்டைத் துண்டு நாலு பங்கு, கரித்துண்டு இரண்டு பங்கு, பெர்லைட் (பொரிபோல லேசான வெள்ளைக் கல்) ஒரு பங்கு, கழுவிய நார்த்தூள் ஒரு பங்கு, மண்புழு உரம் ஒரு கைப்பிடி. மட்டைத் துண்டு சுண்டுவிரல் நுனி அளவு இருந்தால் போதும். கரிக்கு நான் எங்கள் தெரு இஸ்திரி வண்டியில் 30 ரூபாய்க்கு வாங்கினேன், கேஸ் பெட்டிக்கு மாறாத வண்டியாகப் பார்த்து. கொட்டைப்பாக்கு அளவுக்கு உடைத்து, தூள் போகக் கழுவ வேண்டும்.

மட்டைத் துண்டையும் நார்த்தூளையும் கழுவாமல் போடாதீர்கள். அதிலும் உப்பு இருக்கும். ஒரு வாளியில் ஊறப்போட்டால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் டிகாக்‌ஷன் நிறத்துக்கு வரும். எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர், மூன்று தடவை. கடைசித் தடவை மட்டும் நல்ல தண்ணீரில் ஊறவைத்து மீட்டரை முக்கிப் பாருங்கள், 300க்குக் கீழே வந்தால் போதும். ஒரு சனிக்கிழமை காலையில் ஆரம்பித்தால் ஞாயிறு காலையில் நடலாம்.

தொட்டி, செடி வந்த தொட்டியைவிட ஒரு அங்குலம் மட்டும் பெரிதாக இருக்கட்டும். 4 அங்குலத்துக்கு 5. பெரிய தொட்டியில் வைத்தால் தாராளமாக வளரும் என்று தோன்றும், வேர் போகாத இடத்தில் ஈரம் தங்கி அழுகும், அவ்வளவுதான். மண்தொட்டி நல்லது. அடியில் துளை இல்லாத பீங்கான், கண்ணாடிக் குடுவைகளைப் பரிசாக யாராவது கொடுத்தால் பேனா வைத்துக்கொள்ளுங்கள்.

வாங்கி வந்த அன்றே தொட்டி மாற்றாதீர்கள். பத்துப் பதினைந்து நாள் நிழலில், மற்ற செடிகளை விட்டுத் தள்ளித் தனியாக இருக்கட்டும். பூச்சி இருந்தால் அதற்குள் வெளியே தெரிந்துவிடும். நடும்போது தண்டும் வேரும் சேரும் இடம் கலவைக்கு மேலே நிற்க வேண்டும்.

மூன்றாவது செடிக்கு ஆன மொத்தச் செலவு: செடி 350, மட்டைத் துண்டும் நார்த்தூளும் 180, பெர்லைட் 100, கரி 30, தொட்டியும் தட்டும் 90, டி.டி.எஸ். மீட்டர் 250, உரம் 70, வேப்பெண்ணெய் 110. கூட்டினால் 1,180 ரூபாய். அதற்குப் பிறகு வருஷத்துக்கு 200 தாண்டியதில்லை. முதல் இரண்டு செடிக்கும் சேர்த்து 1,500க்கு மேல் போயிருந்தது, அதைத் தனிக் கணக்காக வைத்துக்கொள்ளலாம்.

6. எப்போது, எவ்வளவு ஊற்றுவது

கிழமை வைத்து ஊற்றாதீர்கள். துடைப்பத்திலிருந்து காய்ந்த ஈர்க்குச்சி ஒன்றை உருவிக்கொள்ளுங்கள். தொட்டியின் ஓரமாக அடி வரை சொருகிப் பத்து நிமிஷம் விட்டு எடுங்கள். குச்சியின் கீழ்ப்பாதி நிறம் மாறி ஈரமாக இருந்தால் இன்றைக்கு வேண்டாம். அடி ஓரங்குலம் மட்டும் லேசாக ஈரம் காட்டினால் ஊற்றலாம். ஒரு மாதம் இப்படிச் செய்தால் அப்புறம் தொட்டியைத் தூக்கிப் பார்த்தே எடையில் தெரிந்துவிடும், குச்சியைத் துடைப்பத்துக்கே திருப்பிக் கொடுக்கலாம்.

எங்கள் வீட்டில் இது மே மாதம் இரண்டு நாளுக்கு ஒருமுறை, ஆடி ஆவணியில் நாலு நாள், ஐப்பசி மழையில் வாரம் ஒருமுறை என்று வருகிறது. உங்கள் வீட்டில் வேறாக இருக்கும்.

ஊற்றுவது என்று வந்தால் டம்ளர் கணக்கு கூடாது. சிங்க்கில் வைத்து, சுற்றிலும் மெதுவாக, அடித்துளையில் தாராளமாக வழியும் வரை ஊற்றுங்கள். கால் மணி வடியவிட்டுத் தட்டில் வையுங்கள். தட்டில் சேர்ந்த தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். மாதம் ஒருமுறை தொட்டியின் கொள்ளளவைப்போல மூன்று மடங்கு நல்ல தண்ணீரை ஊற்றி வழியவிட்டால் சேர்ந்த உப்பு கழுவிக்கொண்டு போகும். நான் ஒவ்வொரு மாதமும் கேஸ் புக் செய்கிற நாளில் இதைச் செய்கிறேன், அப்போதுதான் மறக்காது.

7. உரம்

சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், இதில் பெரிய ரகசியம் இல்லை. உரக்கடையில் 19:19:19 என்று தண்ணீரில் கரையும் உரம் 100 கிராம் பாக்கெட்டில் கிடைக்கும். லிட்டருக்கு ஏறக்குறைய ஒரு கிராம், அதாவது கால் டீஸ்பூனைத் தலைதட்டி எடுத்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை. காய்ந்த வேரில் உரத் தண்ணீர் விடாதீர்கள், முதலில் வெறும் தண்ணீர், பிறகு உரம். ஏ.சி. தண்ணீரும் மழைத் தண்ணீரும் மட்டுமே ஊற்றுகிறவர்கள், அதில் கால்சியமும் மெக்னீசியமும் ஏறக்குறைய இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். நான் நாலு தடவைக்கு ஒரு தடவை லாரித் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுகிறேன். செடி வாயைத் திறந்து குறை சொல்லவில்லை.

டீத்தூள், காபிச் சக்கை, அரிசி கழுவிய தண்ணீர், முட்டை ஓடு எல்லாம் மாடித் தோட்டத்துக்கு. வீட்டுக்குள் இருக்கும் தொட்டியில் போட்டால் பூஞ்சையும் கொசுறாகச் சின்ன ஈக்களும்தான் வரும்.

8. ஏப்ரல், மே

35 டிகிரிக்கு மேல் இந்தச் செடிக்கு ஒன்றும் ஓடாது. பூ சின்னதாகும், மடல் வெளுக்கும், மொட்டு விரியாமலே காய்வதும் உண்டு. அந்த இரண்டு மாதம் வளர்ச்சியை எதிர்பார்க்காமல் உயிரோடு கடத்தினால் போதும் என்று இருங்கள். உரம் நிறுத்தம். தொட்டி மாற்றம் கிடையாது. மேற்குச் சுவரிலிருந்து விலக்கம்.

நான் சித்திரை பிறந்ததும் செடியைக் குளியலறைக்கு மாற்றிவிடுவேன். எங்கள் குளியலறையில் வடக்குப் பார்த்த ஜன்னல் உண்டு, நாலு பேர் குளிக்கிற ஈரம் இருக்கிறது. சோப்புத் தண்ணீர் தெறிக்காத உயரத்தில் ஒரு பலகை. கத்திரி முடிந்து முதல் மழை விழுந்த பிறகுதான் கூடத்துக்குத் திரும்பும். ஜன்னல் இல்லாத குளியலறைக்கு இந்த யோசனை பொருந்தாது.

கூழாங்கல் போட்ட தட்டில் தண்ணீர் விட்டு அதன்மேல் தொட்டியை வைத்தால் ஈரப்பதம் ஏறும் என்பார்கள். ஏறும், கொஞ்சமாக. ஆனால் சென்னையில் அது வேறு ஒன்றையும் வளர்க்கும். தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டையிடும், ஒரு வாரம் பத்து நாளில் பறக்கத் தயாராகிவிடும். மாநகராட்சி ஊழியர்கள் வீடு வீடாக வந்து பிரிட்ஜ் தட்டையும் செடித் தட்டையும் பார்ப்பது இதற்குத்தான். தட்டு வைப்பதானால் வாரம் இருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவுங்கள், முடியாவிட்டால் தட்டே வேண்டாம்.

9. பூச்சி, நோய்

மாவுப்பூச்சிக்கு மருந்துக்கடையில் சர்ஜிகல் ஸ்பிரிட் வாங்கி, காது குடையும் பஞ்சுக்குச்சியில் நனைத்து ஒவ்வொன்றாகத் தொட்டு எடுங்கள். நாலு நாள் விட்டு மறுபடி. நிறைய இருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் நாலு சொட்டுப் பாத்திரம் தேய்க்கும் திரவமும் கலக்கிச் சாயங்காலம் தெளிக்கலாம். முதலில் ஒரே ஒரு இலையில் தெளித்து இரண்டு நாள் பாருங்கள். கோடையில் இலை மேற்புறம் பொடிப்பொடிப் புள்ளியாக வெளிறினால் செம்பேன், அடிப்பக்கத்தைத் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்தால் போகும்.

இலையில் எண்ணெய் பட்ட காகிதம் மாதிரி ஈரப் புள்ளிகள், சுற்றி மஞ்சள் வளையம், ஓரத்திலிருந்து உள்நோக்கிக் கருகுவது: இது பாக்டீரியா கருகல். இதற்கு வீட்டு வைத்தியம் கிடையாது. செடியைப் பையில் கட்டிக் குப்பையில் போட்டுவிட்டு, கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடையுங்கள். மனசு கேட்காமல் ஒரு இலையை வெட்டிப் பார்க்கலாம் என்று இழுத்தால் பக்கத்துச் செடிக்கும் போகும்.

நுனி மட்டும் காய்ந்தால் உப்பு. அடி இலை ஒன்று மட்டும் மஞ்சளானால் வயசு, விடுங்கள். நாலைந்து இலை ஒரே நேரத்தில் மஞ்சளானால் தொட்டியைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள்.

10. குழந்தை, பூனை, அசோசியேஷன்

கருணைக்கிழங்கு சரியாக வேகாவிட்டால் நாக்கு அரிக்குமே, அதே கால்சியம் ஆக்ஸலேட் ஊசிகள் இதன் இலையிலும் தண்டிலும் இருக்கின்றன. தவழும் குழந்தையும் பூனையும் எட்டாத உயரத்தில் வையுங்கள். மென்றுவிட்டால் வாயை நன்றாகக் கழுவிவிட்டு, வீக்கம் தெரிந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும். வெட்டும்போது கையுறை போடுவது நல்லது.

தொட்டியை வீட்டு வாசலுக்கு வெளியே, பொது நடைவழியில் வைக்க நினைத்தால் அசோசியேஷனில் முதலில் கேளுங்கள். வாயால் “வச்சுக்கோங்க மேடம்” என்று சொன்னவர் அடுத்த வருஷம் செயலாளராக இருக்கமாட்டார். வாட்ஸ்அப்பில் எழுத்தாக வாங்கி வையுங்கள். தீ வந்தால் ஓடும் வழியை அடைக்காத இடமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் பக்கத்து நியாயம். வாடகை வீட்டில் சுவரில் கொக்கி அடிப்பதற்கு ஓனரிடமும் இதே கதைதான், அட்வான்ஸ் திரும்ப வாங்கும்போது புரியும்.

11. பூ, பிறகு கன்று

புதுத் தொட்டிக்கு மாறிய செடி மூன்று நாலு மாதம் சும்மா இருக்கும். அதற்குள் இரண்டு புது இலை வந்தால் எல்லாம் சரியாகப் போகிறது என்று அர்த்தம். ஒரு பூ விரிந்தால் ஒன்றரை, இரண்டு மாதம் நிற்கும். எங்கள் செடி வருஷத்துக்கு ஐந்தாறு பூ கொடுக்கிறது. மடல் பச்சையாக மாறத் தொடங்கியதும் காம்போடு அடியில் வெட்டிவிடுங்கள்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை கலவையை மாற்ற வேண்டும், மட்டை மக்கிச் சேறாகிவிடும். அப்போது பக்கத்தில் முளைத்த கன்றைப் பிரிக்கலாம். மூன்று இலையும் சொந்தமாக இரண்டு மூன்று வேரும் இருந்தால்தான் தொடுங்கள். ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் வெட்டி, 4 அங்குலத் தொட்டியில் நட்டு, பத்து நாள் நிழல்.

போன தை மாதம் இப்படிப் பிரித்த கன்று ஒன்றை மேல்மாடி அக்காவுக்குக் கொடுத்தேன். அவர்கள் வீட்டிலும் அதே போர் தண்ணீர்தான், ஏ.சி.யும் கிடையாது. கன்றோடு ஐந்து லிட்டர் கேன் ஒன்றில் தண்ணீரும் பிடித்துக் கொடுத்திருக்கிறேன். சனிக்கிழமை தோறும் காலி கேன் கீழே வந்துவிடும்.